இயல்பான கை

மயிலாத்தாளின் வலக்கை தோளுக்கு மேல் எழாது. தலை வாருவதற்கும் கொடியில் துணி போடுவதற்கும் அவள் இடக்கையைத்தான் நம்பியிருந்தாள். ஆயினும், அவ்வலக்கை முற்றிலும் இயல்பானது என்று கருவி கூறிற்று. கருவி கூறியபின் வேறெவர் பேச்சும் எடுபடாது என்று சட்டம் கூறிற்று.

அந்தச் சட்டத்துக்கு நீண்டதொரு பெயர் உண்டு. கொங்கு நாட்டு நூற்பாலைகளில் ஒருவரும் அதை அப்பெயரால் அழைக்கவில்லை. ஜவ்வுச் சட்டம் என்றே அழைத்தார்கள். அதில் பிழையும் இல்லை. தோலுக்கு அடியில் தசைகளை உறைபோல் மூடி, எலும்போடும் உறுப்புகளோடும் பிணைத்து, உச்சந்தலை முதல் உள்ளங்கால்வரை ஒரே விரிப்பாக ஓடும் வெண்ணிறப் படலம் ஒன்று நம் எல்லோர் உடலிலும் இருக்கிறது. கறிக்கடைக்காரர் கத்தியால் வழித்து எறிகிறாரே, அதே ஜவ்வுதான். நெடுங்காலம் மருத்துவமும் அதை அப்படித்தான் வழித்து எறிந்துகொண்டிருந்தது. உழைப்பு அந்தப் படலத்தில் பதிகிறது என்பதைப் பிற்பாடுதான் கண்டார்கள். ஓயாமல் இழுபடும் இடத்தில் அது தடிக்கிறது. ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிச் செல்ல வேண்டிய அடுக்குகள் ஒட்டிக்கொள்கின்றன. ஒட்டிய இடத்தில் கை நின்றுவிடுகிறது.

படலத்தை ஒலியலையால் வாசிக்கும் கருவி வந்தது. வாசித்ததை அது இயல்பான உடலோடு ஒப்பிட்டு, எவ்வளவு விலகியிருக்கிறது என்பதை ஓர் எண்ணாகச் சொல்லும். விலகல் மிகுந்தால், தொழிலால் கெட்ட உடல். அவரைப் பணியிலிருந்து உடனே விடுவித்துப் பேண வேண்டும். விலகல் குறைந்தால், இயல்பான உடல். நடிக்கிறார் என்று எழுதி வீட்டுக்கு அனுப்பலாம். தொழிலாளியின் வாய்ச்சொல் இனிச் சான்றாகாது. வாய் பொய் சொல்லும், படலம் பொய் சொல்லாது என்று அவையில் மேசையைத் தட்டி அச்சட்டத்தை நிறைவேற்றினார்கள். தட்டிய கைகளுள் ஒன்றுகூட நூற்பாலையில் நின்ற கையன்று.

மயிலாத்தாளின் கையை வாசித்தவள் நிறைமதி. கோயம்புத்தூரில் பேராசிரியர் தணிகாசலம் நிறுவிய படல ஆய்வு நிலையத்தில் அவள் ஆய்வாளர்; அவருடைய மாணவி. முறையீடு செய்யும் ஆலைப் பெண்களைக் கட்டிலில் படுக்கவைத்து வாசிப்பது அவள் பணி.

“முடிஞ்சுதுங்களா அம்மிணி?” என்று கட்டிலிலிருந்து மயிலாத்தாள் கேட்டாள்.

“முடிஞ்சுதுங்க அக்கா. எந்திரிங்க.”

“என்ன சொல்லுதுங்க உங்க ஜவ்வு மிஷினு? பச்சையா என்னமோ எழுதியிருக்குது.”

“இயல்புன்னு வந்திருக்குங்க அக்கா.”

“அப்படின்னா?”

“கையில கேடு ஒண்ணும் இல்லைன்னு அர்த்தம்.”

மயிலாத்தாள் தன் வலக்கையை, அடுத்த வீட்டுப் பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். “கேட்டயா? உனக்கு ஒண்ணுமில்லையாமா. எங்க, எந்திரி பாக்கலாம்” என்றாள். கை மார்பளவு எழுந்தது, நடுங்கிற்று, நின்றுவிட்டது. “பாருங்க அம்மிணி, மிஷினு சொல்றதைக்கூடக் கேக்க மாட்டீங்குது. நெம்பத் திமிரு புடிச்ச கை.”

அவள் சிரித்தாள். நிறைமதியால் சிரிக்க இயலவில்லை.

“கல்யாணத்துக்கு முந்தியிருந்து நூல் நூக்கற ரிங் பிரேம்ல அறுந்த நூல ஒட்டுன கைங்க இது. தூக்குன கையக் கீழ எறக்குனா சூப்பர்வைசர் கத்துவான். இப்ப எறக்குன கையத் தூக்க முடியல, அதுக்கும் கத்தறான்” என்று சேலைத் தலைப்பை இடக்கையால் சரிசெய்துகொண்டே மயிலாத்தாள் சொன்னாள். “எங்க லைன்ல வந்து படுத்தவங்க அத்தன பேருக்கும் இந்த மிஷினு இயல்புன்னுதான் சொல்லுச்சு. எங்க மில்லுல எல்லாரும் நெம்ப ஆரோக்கியமா இருக்கறமுங்க. டாக்டரெல்லாம் கடையச் சாத்தீட்டுப் போலாம்.”

அவள் போனபின் நிறைமதி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எண்ணை நீக்கிவிட்டுப் படத்தை மட்டும் பார்த்தாள். தோளருகே படலத்தின் அடுக்குகள், ஈரத்தில் ஒட்டிப்போன அப்பளங்களைப்போல் ஒன்றாகிக் கிடந்தன. கண்ணுக்குத் தெரிகிற கேடு எண்ணுக்கு மட்டும் ஏன் தெரியவில்லை? இயல்பு, இயல்பு என்று நாள்தோறும் பச்சையில் எழுதுகிறோமே, அந்த இயல்பு யாருடையது? இத்தனை ஆண்டுகளில் அந்தக் கேள்வியை அவள் கேட்டதில்லை. நிலையத்தில் ஒருவரும் கேட்டதில்லை.

அன்று பிற்பகலே அவள் பேராசிரியரின் அறைக்குச் சென்றாள்.

தணிகாசலம் அறுபதைக் கடந்தவர். கடந்தவர் என்று எவரும் சொல்லமாட்டார்கள். விடியலில் நீச்சல், அதன்பின் யோகம், மதியத்தில் பழங்கள். முதுகு சுவர்போல் நிமிர்ந்திருக்கும். தம் உடலைப் பற்றி அவர் மேடையில் நகைச்சுவையாகப் பேசுவதுண்டு. அந்த நகைச்சுவையில் பெருமைதான் மிகுதி.

“வா மதி, காபி சாப்பிடு. மயிலாத்தாள் வழக்கு வருது. ஆலைக்கு நீதான் சாட்சி, அவங்க வக்கீல் கேக்கறதுக்கு நேரா பதில் சொல்லிட்டு வந்துடு, நீட்டி முழக்காத. அது முடிஞ்சதும் துறைத் தலைமையை உங்கிட்டக் கொடுத்துட்டு நான் ஊர் சுத்தலாம்னு இருக்கேன்.”

“சார், ஒரு சந்தேகம். நம்ம கருவி ஒப்பிட்டுப் பாக்குதே, அந்த இயல்பான உடம்பு யாரோடது?”

பேராசிரியரின் முகம் மலர்ந்தது. அவருக்கு மிகவும் பிடித்த கதைக்கு யாரோ கதவைத் திறந்துவிட்டார்கள்.

“அது ஒரு பெரிய கதை! மருத்துவக் கல்லூரியில நான் அப்பச் சின்ன லெக்சரர். அறுத்துப் படிக்கிற ஹால்ல பையனுங்க தசையைப் பாக்கற அவசரத்துல ஜவ்வை வழிச்சு வழிச்சு வாளியில போடுவானுங்க. ஒருநாள் வாளியை எட்டிப் பாத்தேன். மேசை மேல கெடக்கறதைவிட வாளியில அதிகம் கெடந்துது. மனுசனை வாளியில போட்டுட்டு மிச்சத்தைப் படிக்கறமேன்னு தோணுச்சு. அன்னையிலேர்ந்து கல்லூரிக்கு வர்ற ஒவ்வொரு உடம்பையும், மருந்துல ஊறப்போடறதுக்கு முன்னாடியே வாசிச்சு வெச்சேன். அந்தத் தொகுப்புதான் இயல்பு. அவ்வளவு பெரிய தொகுப்பு வேற எங்கயும் கிடையாது.”

“அந்த உடம்புங்கல்லாம் எங்கேருந்து வந்தது சார்?”

“எங்கேருந்து வரும்? கேட்பாரற்ற பிணங்கதான். சொந்தம்னு யாராவது வந்தா கொடுத்துடணும்; வரலைன்னா கல்லூரிக்கு. நீயும் ஒரு வருசம் அதுலதானே உடற்கூறு படிச்ச? மொத நாள் மாலை போட்டு, நீதான் எங்க முதல் ஆசான்னு உறுதிமொழி எடுப்பமே.”

நிறைமதிக்கு நினைவு வந்தது. மாலையை அவளிடந்தான் கொடுத்திருந்தார்கள். அவ்வாசானின் பெயர் எவருக்கும் தெரியாது. மாலையிட்டபோது அவரது தோளில் மூட்டை சுமந்து காய்த்துப்போன தடிப்பை அவள் பார்த்தாள். பார்த்துவிட்டு, உறுதிமொழியைப் பிழையின்றிச் சொல்வதில் கவனமாக இருந்தாள். நாற்பது மாணவர்கள் கைகூப்பி நின்றார்கள். ஆசானுக்கு வணக்கம் செலுத்தினார்களேயொழிய, ஆசான் எதனால் அம்மேசைக்கு வந்தார் என்று கேட்பது பாடத்திட்டத்தில் இல்லை.

“சார்” என்றாள் நிறைமதி. அவள் குரல் அவளுக்கே புதிதாகக் கேட்டது. “மூட்டை தூக்குனவங்க, செங்கல் சூளையில வெந்தவங்க, சித்தாள் வேலை பாத்தவங்க. உழைச்சு உழைச்சு உடம்பு முடியாமப் போயி, ரோட்டோரமா விழுந்து செத்தவங்க. அவங்களை நாம இயல்புன்னு வெச்சிருக்கோம். மயிலாத்தாள் கை அவங்க கை மாதிரியே இருக்கு. அதனாலதான் பச்சை. ரெண்டும் ஒரே மாதிரி கெட்டுப்போன கை சார்.”

பேராசிரியர் டம்ளரை மேசையில் வைத்தார். கோபப்படவில்லை, அதைவிடக் கூரிய ஒன்றைக் கையில் எடுத்தார்.

“மதி, மனுச உடம்புல சாதி உண்டா? வர்க்கம் உண்டா? தோலை விலக்கினா ராஜாவும் ஒண்ணு, கூலியும் ஒண்ணுன்னு எத்தனை மேடையில பேசியிருக்கேன். நீயும் கைதட்டியிருக்க. இப்ப வந்து ஏழை உடம்பு வேற, வசதியானவன் உடம்பு வேறன்னு சொல்றியே, வெக்கமா இல்ல?”

சமத்துவம் என்னும் சொல்லை இப்படியும் ஆளலாம் என்பதை நிறைமதி அன்றுதான் கண்டாள். உயிரோடிருக்கையில் ஒரு குவளை நீருக்கும் அவர்களைச் சமமாக எண்ணாதவர்கள், செத்தபின் மனித குலம் முழுமைக்கும் அவர்களையே அளவுகோலாக்கினார்கள். அந்த அளவுகோலைக் கொண்டு அவர்களைப் போன்றவர்களையே அளந்து, குறையொன்றுமில்லை என்று எழுதினார்கள். அதற்குப் பெயர் சமத்துவமாம்!

“நம்ம நிலையத்துல யாராவது அந்தக் கட்டில்ல படுத்துப் பாத்திருக்கமா சார்?”

“நாம எதுக்குப் படுக்கணும்?” என்று அவர் உண்மையாகவே வியந்தார். “நாம என்ன முறையீடா பண்ணப்போறோம்?”

அவர் சொன்னது மெய். கருவியை வடித்தவர்கள், கணக்கிட்டவர்கள், சரிபார்த்தவர்கள் எல்லோரும் அக்கட்டிலைச் சுற்றி நின்றார்கள். படுப்பவர் வேறு, பார்ப்பவர் வேறு என்பது எவரும் எழுதாத விதியாக இருந்தது.

நிறைமதி அவ்விதியை மீறினாள். உடன் பணியாற்றும் தோழி எழிலியைக் கருவியை இயக்கச் சொல்லிவிட்டுத் தானே படுத்தாள். திரையில் சிவப்பு எழுந்தது: கடும் விலகல்.

“என்னடி இது!” என்று எழிலி பதறினாள். “உன்னால கையத் தூக்க முடியுதா?”

நிறைமதி படுத்தபடியே இரு கைகளையும் தலைக்கு மேல் நீட்டினாள். காதைத் தொட்டுக்கொண்டு அவை நேராக நின்றன. படத்தில் அவளுடைய அடுக்குகள் பட்டுத் துணிபோல் வழுக்கி நகர்ந்தன. வாழ்நாளில் மடிக்கணினியைவிடக் கனமான எதையும் நாள்தோறும் தூக்கியறியாத தோள் அது. அதனால்தான் இயல்பிலிருந்து அவ்வளவு தொலைவில் இருந்தது. பிறகு எழிலி படுத்தாள், அவளுக்கும் சிவப்பு.

“அடிப்பாவி, நாம ரெண்டு பேரும் நடமாடும் நோயாளிங்கடி!” என்று எழிலி சிரித்தாள். நிறைமதியும் சிரித்தாள். யாருடைய உடலை வைத்துச் சிரிக்கிறோம் என்பது உறைத்ததும் இருவரும் ஒருசேர நிறுத்தினார்கள்.

அந்தப் பச்சையைக் காட்டி ஆலை மயிலாத்தாளை வேலையிலிருந்து வீட்டுக்கு அனுப்பியது. வழக்கு நாளன்று, தொழிலாளர் தீர்ப்பாயத்தின் நடையில் ஆலைப் பெண்கள் கூட்டமாக நின்றிருந்தார்கள். மயிலாத்தாளின் வாசிப்பு ஏற்கப்பட்டால், இனி எந்த ஆலையிலும் எவர் கையையும் அதே பச்சையில் கழித்துக் கட்டலாம். அதை அவர்கள் எல்லோரும் அறிந்திருந்தார்கள். தொழிற்சங்கத்தின் வழக்கறிஞர் ரஹ்மத்துன்னிசா, ஆலை கடைசியாக முன்வைத்த சமரசத்தை மயிலாத்தாளிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

“வழக்கை வாபஸ் வாங்குனா, ஒக்காந்தே நூல் சுத்துன கோன் எண்ணற வேலை தர்றாங்களாம் அக்கா. நல்லா யோசிங்க. வாசிப்பு நமக்கு எதிரா இருக்கு.”

“என்ற கை நல்லாத்தான் இருக்குது, நாந்தான் நடிக்கறேன்னு எழுதிப் போட்டிருக்கறாங்களே, மொதல்ல அத அழிக்கட்டுங்க. அப்பறம் நான் கோன எண்ணறனா, நட்சத்திரத்த எண்ணறனான்னு பாத்துக்கலாம்” என்றாள் மயிலாத்தாள். அவளுடைய கண் நிறைமதியின்மேல் விழுந்தது. “வாங்க அம்மிணி. இன்னைக்கும் பச்சைதானுங்களா?”

“எதிர்த்தரப்புச் சாட்சிகிட்டப் பேசக் கூடாதுங்க அக்கா” என்று ரஹ்மத்துன்னிசா அவள் தோளைப் பிடித்துத் திருப்பினார்.

“பேசலீங்க, நலம் விசாரிக்கறேன்.”

நிறைமதி விரைந்து உள்ளே சென்றாள். வாய் திறந்தால் அங்கேயே எல்லாவற்றையும் கொட்டிவிடுவோம் என்று அஞ்சினாள். கொட்ட வேண்டிய இடம் அதுவன்று.

தீர்ப்பாயத் தலைவர் பிலவேந்திரன் குறைவாகப் பேசுபவர். வாசிப்பில் ஐயம் எழுந்தால் அங்கேயே மறுமுறை வாசிக்கும்பொருட்டு, அறையின் ஒரு பக்கத்தில் கருவியும் கட்டிலும் எப்போதும் இருந்தன. முதல் வரிசையில் தணிகாசலம் அமர்ந்திருந்தார். ஆலையின் வழக்கறிஞர் எழுந்தார்.

“மயிலாத்தாளோட கையை வாசிச்சது நீங்கதானே?”

“ஆமாங்க” என்றாள் நிறைமதி.

“கருவி என்ன சொல்லுச்சு?”

“இயல்புன்னு சொல்லுச்சு.”

“நன்றி. அவ்வளவுதான் ஐயா.”

“நான் இன்னும் முடிக்கலைங்க. கருவி சொன்னது தப்பு.”

வழக்கறிஞர் பாதி அமர்ந்தவர் மீண்டும் எழுந்தார். தணிகாசலம் அசையவில்லை, அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையை நிறைமதி தாங்கிக்கொண்டாள். நாளை அந்நிலையத்தில் தனக்கு நாற்காலி இராது என்று அவளுக்குத் தெரியும். நாற்காலி போகட்டும். நிலையத்துக்கு இயல்பைக் கொடுத்தவர்கள் யார் என்பதை அவள் எளிய சொற்களில், ஒன்றும் விடாமல் சொன்னாள்.

“அந்த உடம்புகளோட பேரெல்லாம் இருக்கா?” என்று தலைவர் கேட்டார்.

“இல்லைங்க ஐயா. பேர் தெரிஞ்சிருந்தா எங்ககிட்ட வந்திருக்க மாட்டாங்க.”

தலைவர் பேனாவை மூடினார்.

“கருவி தப்புங்கறதுக்கு என்ன ஆதாரம்?” என்று ஆலையின் வழக்கறிஞர் சீறினார்.

“நானே படுத்துப் பாத்தேன். எனக்குக் கடும் விலகல்னு வந்துது.”

“அப்படின்னா சாட்சிக்குத்தான் உடம்பு சரியில்ல!” என்று அவர் கூட்டத்தைப் பார்த்துக் கைவிரித்தார். “நாளெல்லாம் கம்ப்யூட்டர் முன்னாடி கூனிக்கிட்டே இருந்தா கெடாம என்ன செய்யும்?”

“சரிங்க, நான் கெட்டவளாவே இருக்கட்டும். இந்த அறையிலயே நல்ல உடம்பு யாரோடதுன்னு நீங்களே சொல்லுங்க. அவரைப் படுக்க வைப்போம்.”

வழக்கறிஞர் வாய் திறக்குமுன் கண்களெல்லாம் ஒரே திசையில் திரும்பின. தணிகாசலம் புன்னகையோடு எழுந்தார். அவருக்கு ஓர் இழைகூட ஐயம் இருக்கவில்லை. அதை நிறைமதி நன்கு அறிவாள். தம் கருவியையும் தம் உடலையும் அவர் ஒருங்கே நம்பினார். அவ்விரண்டும் ஒன்றையொன்று மறுக்கக்கூடும் என்பது அவர் கனவிலும் எழாத செய்தி.

“எனக்கென்ன தயக்கம்? வாசிம்மா, தாராளமா வாசி” என்று கோட்டைக் கழற்றி நாற்காலியில் மாட்டினார். கூட்டத்துக்குக் காட்டுவதற்காகவே இரு கைகளையும் ஒருமுறை வானுக்கு உயர்த்தி இறக்கினார், அதன்பின் படுத்தார்.

கருவி ஓடிற்று. சிவப்பு எழுந்தது. அத்தீர்ப்பாயம் அதுவரை கண்டிராத விலகல் அது. நீச்சலும் யோகமும் பழங்களும் அவரை இயல்பிலிருந்து அவ்வளவு தொலைவுக்குக் கொண்டுசென்றிருந்தன.

பின்வரிசையிலிருந்து ஓர் ஆலைப் பெண்ணின் குரல் வந்தது: “ஐயோ, ஐயாவப் புடிங்கடி, உழுந்தறப் போறாரு!”

அறை முழுவதும் சிரித்தது. தலைவர் மேசையைத் தட்ட வேண்டியிருந்தது. சிரிப்பு அடங்கியதும் அவர் சட்டப் புத்தகத்தைப் புரட்டி, ஒரு வரியை விரலால் பிடித்துக்கொண்டார்.

“ஐயா, இந்தச் சட்டம் ஆலைக்காரங்களுக்கு மட்டும்னு எங்கயும் சொல்லல, ஊதியம் பெறும் எவராயினும்னுதான் சொல்லுது. அதனால ரெண்டுல ஒண்ணு. கருவி சரின்னா, இந்த நிமிசத்திலேர்ந்து நீங்க எந்த வேலையும் பாக்கக் கூடாது. உங்களை வீட்டுல வெச்சுப் பேணணும்னு நான் உத்தரவு போடணும். கருவி தப்புன்னா, அந்தம்மாவை வீட்டுக்கு அனுப்புனது செல்லாது. நீங்க செஞ்ச கருவி. நீங்களே சொல்லிடுங்க.”

தணிகாசலம் கட்டிலின் விளிம்பில் எழுந்து அமர்ந்திருந்தார். தப்பு என்று சொல்லிவிடுவார் என்றே நிறைமதி எண்ணினாள். அந்த ஒரு சொல் போதும். நாளை காலை அவர் மீண்டும் நீந்தலாம், மேடையேறலாம், பயணம் போகலாம். அவர் திரையைப் பார்த்தார். வாளியை எட்டிப் பார்த்த நாள் முதல் சேர்த்ததெல்லாம் அதனுள் இருந்தது. பெற்ற பிள்ளையைக் கூட்டத்தில் கைவிடச் சொன்னால் ஒருவர் எப்படிப் பார்ப்பாரோ, அப்படிப் பார்த்தார்.

“கருவி சரி” என்றார்.

“நல்லா யோசிச்சுச் சொல்லுங்க.”

“கருவி சரிதான். எனக்குள்ள ஏதோ கேடு இருக்கணும். என்னன்னு தேடிப் பாக்கணும்.”

ஓர் எண்ணைக் காப்பாற்றுவதற்காகத் தம் உடலையே நோயென்று ஒப்புக்கொள்கிறாரே இம்மனிதர்! அந்தப் பிடிவாதத்தைத் தொழிலாளியிடம் கண்டால் நடிப்பு என்கிறார்கள். அறிஞரிடம் கண்டால் கொள்கை என்கிறார்கள். ஆலையின் வழக்கறிஞர் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். கருவி சரியென்றால் பச்சையும் சரி, மயிலாத்தாள் தோற்றாள். ரஹ்மத்துன்னிசா தாள்களை அடுக்கத் தொடங்கினார். தலைவர் பேனாவைத் திறந்தார்.

மயிலாத்தாள் எழுந்தாள். ரஹ்மத்துன்னிசா சேலையைப் பிடித்து இழுத்ததைப் பொருட்படுத்தாமல் கட்டிலை நோக்கி நடந்தாள்.

“ஏனுங்க ஐயா” என்று குனிந்து கேட்டாள். “வலிக்குதுங்களா?”

“என்னது?”

“நெம்பக் கெட்டுப்போச்சுன்னு மிஷினு சொல்லுதுங்களே. எங்க வலிக்குதுங்க? தோள்லயா, கழுத்துலயா? சேலைத் துணிய வெந்நீர்ல நனைச்சு ஒத்தடம் போட்டாக் கொஞ்சம் கேக்குமுங்க.”

அவள் ஏளனம் செய்யவில்லை. அதை நிறைமதி உறுதியாகச் சொல்வாள். பேராசிரியரும் அதை உணர்ந்திருக்க வேண்டும். அன்போடு கேட்ட கேள்விக்கு எவரும் விடையளிப்பதுபோலவே, எண்ணிப் பாராமல் விடையளித்தார்.

“வலியா? எனக்கெதுக்கும்மா வலிக்கணும்? நான் நல்லாத்தானே இருக்கேன்.”

சொல் அறையில் விழுந்தது. அதை அவரால் பொறுக்கிக்கொள்ள முடியவில்லை.

மயிலாத்தாள் தலைவரின் பக்கம் திரும்பினாள். நிமிர்ந்து நின்றாள். வலக்கையைத் தூக்க முயலவில்லை. அது தொங்கியபடியே இருந்தது.

“அவருக்கு வலிக்கலீங்களாமா. எனக்கு வலிக்குதுங்க. ரெண்டையும் எழுதச் சொல்லுங்க.”

“ஆட்சேபிக்கிறேன்!” என்று ஆலையின் வழக்கறிஞர் துள்ளி எழுந்தார். “வாய்ச்சொல் சான்றாகாது. சட்டத்தோட நாலாவது பிரிவு...”

“எனக்கும் தெரியும். உக்காருங்க” என்றார் தலைவர். அவர் தட்டச்சுச் செய்யும் பெண்ணைப் பார்த்தார். “எழுதுங்கம்மா.”

அந்தப் பெண் விரல்களை விசைகளின்மேல் வைத்தவள், தயங்கி நிமிர்ந்தாள். “யாரோடத மொதல்ல எழுதட்டுங்க ஐயா?”

“வலிக்கிறவங்களோடத” என்றார் தலைவர்.